கொள்ளுத் தாத்தாவும் ஒரு குதிரைப் பயணமும்: லடாக் பள்ளத்தாக்கில் பேராக் மாணவி

1879-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். தைப்பிங் பக்கத்திலிருந்து கோலக்கங்சாருக்கு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி யானை மீது ஏறிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. உயரம் ஐந்தடிகூட இல்லை. இளமையில் முதுகெலும்பு நோயால் பல நாள்கள் படுக்கையிலேயே கிடந்தவர். கடல் பயணம் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் வீட்டைவிட்டுக் கிளம்பி, பிறகு வாழ்நாள் முழுவதும் பயணியாகவே ஆகிவிட்டவர். பெயர் இசபெல்லா பெர்ட்.

யானைப் பயணம் அவருக்குப் பிடிக்கவில்லை. யானையின் இருபுறமும் தொங்கவிட்ட கூடைகளில் ஆள்கள் உட்கார வேண்டும். வழியில் யானை நினைத்த இடத்தில் நின்றது. தும்பிக்கையால் சேற்று நீரை உறிஞ்சி முதுகில் தெளித்துக்கொண்டபோது பயணிகளும் நனைந்தார்கள். கோலக்கங்சாரில் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் மாளிகையை அடைந்தபோது அவர் அங்கே இல்லை. உணவு மேசையில் பெர்ட்டுடன் அமர்ந்தவை மாளிகையில் வளர்ந்த இரண்டு குரங்குகள். இதையெல்லாம் ஸ்காட்லாந்தில் இருந்த தம் தங்கை ஹென்ரியெட்டாவுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தாம் 1883-இல் 'தி கோல்டன் கெர்சோனீஸ்' என்ற நூலாக வந்தன. நம் மாநிலத்தைப் பற்றிய பழைய பயண நூல்களுள் அது முக்கியமானது.

மாணவர்களே, நான் சொல்ல வந்தது யானைக் கதை அன்று. அதே பெண்மணி பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1889-இல், குதிரை மீது லடாக்கிற்குச் சென்றார். மழையே பெய்யாத மலை, செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்குகள், பனி உருகி ஓடும் ஆறுகள் கொண்ட அந்தப் பாலை நிலத்தில் நானும் குதிரையோடு ஆறு நாள்கள் பயணம் செய்தேன். அங்கே கற்றதில் பாதி கல்லைப் பற்றியது. மீதி பாதி, என் சொந்தத் தோட்டத்தைப் பற்றியது.

கொள்ளு வைத்த கொள்ளுத் தாத்தா

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில். நான் பிறக்கும்போதே கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள். இப்போது செம்பனையும் இல்லை, தாமான் வந்துவிட்டது. கோயிலும் அதன் பக்கத்தில் ஒரு பழைய மாமரமும் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

போருக்கு முந்திய காலத்தில் அந்தத் தோட்டத்தில் துரை குதிரையில்தான் மலைப்பாடு பார்க்கப் போவாராம். மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் தோட்டங்களுக்கு வருவதற்கு முன் அதுதான் வழக்கம். அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என் கொள்ளுத் தாத்தா. காலையில் பெரட்டு முடிந்ததும் சேணம் போட்டுக் குதிரையைப் பங்களா வாசலில் நிறுத்த வேண்டும். துரை ஏறியதும் பின்னாலேயே நடந்து போக வேண்டும். திரும்பி வந்தால் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, புல் அறுத்துப் போட வேண்டும். "கொள்ளு வச்சதாலதான் அவர் கொள்ளுத் தாத்தா" என்று என் பாட்டி சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தவிர, அவரைப் பற்றி எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. ஒரு புகைப்படம்கூடக் கிடையாது.

தமிழில் குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பெயர். தோட்டத்தில் ஆள்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். லாயத்துக்குக் காற்றோட்டம் அதிகம் என்று கொள்ளுத் தாத்தா சொல்வாராம். அது வேடிக்கைப் பேச்சா, வருத்தமா என்று பாட்டிக்கும் தெரியாது.

பாட்டி கேட்ட கேள்வி

எஸ்.டி.பி.எம். முடித்தபின் எனக்குக் கோத்தா கினாபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையில், அதாவது பாறைகளையும் மண்ணின் அமைப்பையும் படிக்கும் துறையில், இடம் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "கல்லைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்றார் அப்பா. "ஈப்போவுலயே ஏதாவது படிக்கலாமே" என்றார் அம்மா. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் அப்பா பக்கம்தான் இருந்தது.

அந்த விடுமுறையில் ஈப்போ துன் ராசாக் நூலகத்தில் உட்கார்ந்து பெர்ட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பேராக்கைத் தேடப் போய், வேறொரு கதை கிடைத்தது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் குதிரையில் ஒரு பக்கமாகக் கால்களைப் போட்டுத்தான் உட்கார வேண்டும். பெர்ட்டின் முதுகுக்கு அது பெரும் வேதனை. 1873-இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போனபோது, அந்த ஊர்ப் பெண்களைப் போல இரு பக்கமும் கால் போட்டு உட்காரக் கற்றார். முதுகு வலி குறைந்தது, குதிரையும் வசப்பட்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில் 800 மைலுக்கு மேல் குதிரையில் சுற்றினார். 4,346 மீட்டர் உயரமுள்ள லாங்ஸ் சிகரத்தில் ஏறினார். பண்ணைகளில் மாடு மேய்த்தார். அவர் ஆண் உடை அணிந்து சவாரி செய்ததாக 'தி டைம்ஸ்' நாளிதழ் எழுதியபோது கொதித்துப்போனார். அடுத்த பதிப்பில் தம் சவாரி உடை பெண்கள் உடைதான் என்று விளக்கக் குறிப்பே சேர்த்தார். மலை ஏறத் துணிந்தவருக்கும் ஊர் வாய் ஒரு கவலையாகத்தான் இருந்திருக்கிறது!

இந்தக் கதையை நான் பாட்டியிடம் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் உங்களுக்குப் புரியும். ஒரு பெண் தனியாகக் குதிரையில் மலை ஏறியிருக்கிறாள். நான் விமானத்தில் சபாவுக்குப் போகக் கூடாதா?

பாட்டி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வெள்ளைக்காரம்மா குதிரையில போனாங்க, சரி. குதிரையப் பிடிச்சவன் நடந்துதானே போயிருப்பான்? அவன் பேரு என்னவாம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெர்ட் தம் உதவியாளர்கள் சிலரைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ஜப்பானில் அவருடன் வந்த இத்தோ என்ற இளைஞரை அந்த நூலைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் சுமை தூக்கியவர், படகு தள்ளியவர், குதிரைக்குப் புல் போட்டவர் எனப் பலர் பெயரில்லாமல்தான் வந்துபோகிறார்கள். அவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். அந்தக் கண்ணோடுதான் நம் மண்ணையும் மக்களையும் பார்த்தார். அதனால் அவர் நூலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் படிக்கும்போது பாட்டியின் கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்து பாட்டியே அப்பாவிடம் பேசினார். "நான் பதினாலு வயசுல இருட்டுல தனியா நிரைக்குப் போனேன். புலி வந்தாக்கூடக் கேக்க ஆளில்ல. இவ படிக்கத்தானே போறா, போகட்டும்." அதோடு பேச்சு முடிந்தது. நான் சபாவுக்குப் போனேன்.

ஈப்போவில் முதல் பாடம்

மூன்றாம் ஆண்டில் நாங்கள் நால்வர் சேர்ந்து லடாக் போவது என்று முடிவு செய்தோம். பகுதிநேர வேலை பார்த்து இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தோம். போகும் முன் நான் ஈப்போவின் ஓரத்தில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு குதிரை லாயத்தில் சவாரி பழகினேன். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெரியவர். குதிரைப் பந்தயத் திடலில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்.

முதல் நாள் அவர் என்னைக் குதிரை மேல் ஏற்றவே இல்லை. "முதல்ல அதுக்கு நீ யாருன்னு தெரியணும்மா" என்று சொல்லி, உடம்பைத் தேய்த்துவிடச் சொன்னார். குதிரையின் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் அதற்கு ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கே ஆள் வந்தால் பயந்து உதைக்கும். அதனால்தான் குதிரையின் பின்னால் போகாதே என்கிறார்கள். காது முன்னால் நிமிர்ந்தால் ஆர்வம். பின்னால் படிந்தால் கோபம். வயிற்றுப் பட்டை தளர்ந்தால் சேணம் புரளும். ஏறும் முன் ஒரு முறை, ஏறிய பின் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது சவாரி ஆகாது. உட்காரும் விதத்தால் குதிரைக்குச் செய்தி சொல்வதே சவாரி. இவ்வளவும் அவர் வாய்மொழியாகச் சொன்னவை. எந்தப் புத்தகமும் அவர் கையில் இல்லை.

கொள்ளுத் தாத்தாவுக்கும் இவை அத்தனையும் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். நம் வீடுகளில் 'படிக்காதவர்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அவர்களிடம் இருந்தது ஒரு துறை அறிவு.

மழையில்லாத மலை

டில்லியிலிருந்து லே நகருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் போய்விடும். ஆனால் இறங்கியவுடன் ஓட முடியாது. லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையில் மூச்சு வாங்குகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். காற்றில் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராண வாயுவும் குறைவு. உடம்பு பழகும் வரை இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்தே தீர வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறக் கூடாது. மோசமானால் உடனே கீழே இறங்க வேண்டும். இதில் வீரம் காட்டியவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

இமயமலை பருவமழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் லடாக் மழை மறைவுப் பகுதி. லே நகரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழைதான். நம் தைப்பிங்கில் ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். பெர்ட் யானை மீது நனைந்து போன ஊருக்கும், குதிரை மீது காய்ந்து போன ஊருக்கும் நாற்பது மடங்கு வித்தியாசம்.

பெர்ட் ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாய் வழியாக லே வந்தார். அவருடைய குதிரையின் பெயர் கியால்போ. திபெத்திய மொழியில் அரசன் என்று பொருள். அழகு இருந்த அளவுக்கு முரட்டுத்தனமும் இருந்த குதிரை அது. லேயிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போனபோது ஷயோக் ஆற்றில் அவர் ஏறியிருந்த வேறொரு குதிரை நிலை தடுமாறி விழுந்தது. அவருக்கு விலா எலும்பில் அடி. அப்போதும் பயணத்தை நிறுத்தவில்லை. 1894-இல் வந்த 'அமங் தி திபெத்தன்ஸ்' என்ற சிறு நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மார்க்கா பள்ளத்தாக்கு. அது ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பனிச்சிறுத்தைகளுக்குப் பெயர் போன இடம். சன்ஸ்கார் ஆற்றங்கரையில் உள்ள சில்லிங் பக்கமிருந்து தொடங்கி ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஆகிய சிற்றூர்களைக் கடந்து, நிமாலிங் மேய்ச்சல் வெளியில் தங்கி, 5,200 மீட்டர் அளவில் உள்ள கொங்மாரு லா கணவாயைத் தாண்டி இறங்க வேண்டும்.

எங்களோடு வந்தவை ஐந்து குதிரைகள். லடாக்கின் சன்ஸ்காரி இனத்தோடு ஒட்டிய குட்டையான, சாம்பல் நிறக் குதிரைகள். இந்த இனம் மெல்லிய காற்றுக்கும் கடுங்குளிருக்கும் பழகியது. ஈப்போவில் நான் ஏறிய பந்தயக் குதிரையின் தோள் என் தலைக்கு மேல் இருந்தது. இவை என் மார்பளவுதான். ஆனால் தளர்ந்த சரளைக் கல்லில் ஒரு குளம்பை வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த குளம்பை எடுத்து வைக்கும் அழகை மணிக்கணக்காகப் பார்க்கலாம். ஏற்றமும் சமவெளியும் சவாரி. செங்குத்தான இறக்கத்தில் நாங்கள் இறங்கி நடப்போம். இறக்கத்தில் ஆளைச் சுமப்பது குதிரையின் முன்னங்கால்களுக்கு ஆகாது.

குதிரைக்காரர் நாற்பது வயதைத் தாண்டியவர். ஆறு நாளும் முழு வழியையும் அவர் நடந்தேதான் வந்தார். "ஜூலே" என்பது அவர்களுடைய வணக்கம். நன்றிக்கும் அதே சொல்தான். முதல் நாள் மாலை அவர் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், ஐந்து குதிரைகளின் பெயர்களையும் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். என் கொள்ளுத் தாத்தாவும் குதிரைக்காரர்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்கு எத்தனை குதிரை?" என்று கேட்டார். "ஒன்றுகூட இல்லை. குதிரை துரையுடையது" என்றேன். "என்னுடையது என்னுடையதுதான்" என்று சொல்லி ஒரு குதிரையின் கழுத்தைத் தட்டினார்.

விடியலில் கடக்கும் ஆறு

மார்க்கா ஆற்றைச் சில இடங்களில் பாலம் இல்லாமல் கடக்க வேண்டும். குதிரைக்காரர் எங்களை விடியும் முன் எழுப்பிவிடுவார். காரணம் எளிது. மேலே இருக்கும் பனி பகல் வெயிலில் உருகும். உருகிய நீர் கீழே வந்துசேரும்போது பிற்பகல் ஆகிவிடும். காலையில் முழங்கால் அளவு ஓடும் ஆறு, மாலையில் குதிரையின் வயிற்றைத் தொடும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, மறுபடியும் காலையில் நீர் வடியும். நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு அக்கரை இல்லை.

அந்த இருட்டில் சேணம் கட்டும்போதெல்லாம் எனக்குப் பாட்டி நினைவு வந்தார். அவரும் நாலு மணிக்கு எழுந்தவர். கித்தா மரத்தின் பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு நிற்பது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏறினால் மரம் இலை வழியே நீரை இழக்கும், உள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கு, கையில் உளி, தோளில் காண்டா வாளி என்று இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். வெட்டிய பட்டையில் பால் இறங்கி மங்கு நிறையும் வரை அவர்களுக்கு ஓய்வில்லை. மழை பெய்தால் அன்று பால் இல்லை. பால் இல்லையென்றால் சம்பளமும் குறைவு. லடாக்கில் வெயில் ஏறும் முன் ஆற்றைக் கடப்பதும், பேராக்கில் வெயில் ஏறும் முன் மரத்தை வெட்டுவதும், வேலையிலிருந்தே கற்ற அறிவியல்.

அங்கே வரண்ட பள்ளத்தாக்கு என்று எண்ணி ஆற்றுப்படுகையில் கூடாரம் போடவும் கூடாது. 2010 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மேகவெடிப்பு மழை பெய்து லே பகுதியில் 200 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். பிடித்துவைக்கச் செடியும் மண்ணும் இல்லாத மலையில் பெய்யும் மழை, அப்படியே சேறும் பாறையுமாக இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் ஒரு சிற்றூரில், பழைய இராணுவப் பாராசூட் துணியால் ஆன கூடாரத்தில் தேநீர் குடித்தோம். கடையை நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். பயணிகள் தங்க வீட்டிலேயே அறை கொடுப்பதும் அவர்களே. பனிச்சிறுத்தை ஆட்டைப் பிடித்தால் முன்பெல்லாம் கோபத்தில் அதைக் கொல்வதுண்டு. அதைப் பார்க்கவும் இந்த மலையைப் பார்க்கவும் வருகிறவர்களால் வீட்டுக்கு வருமானம் வரத் தொடங்கியபின், சிறுத்தை உயிரோடு இருப்பதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. எங்களுக்கு அறை கொடுத்த அம்மாவின் மகள் லே நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "அவள் திரும்பி வருவாளா?" என்று கேட்டேன். "வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் படித்திருப்பாள்" என்றார். இதை நான் பாட்டியின் குரலிலும் கேட்டிருக்கிறேன்.

ஒன்று வெட்டும், ஒன்று கரைக்கும்

நான் படித்த பாடத்தைப் பற்றியும் ஒரு சொல். லடாக்கின் பாறைச் சுவர்கள் ஏன் அவ்வளவு செங்குத்தாக நிற்கின்றன? இந்திய நிலத்தட்டு ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இடையில் இருந்த தெதிஸ் கடலின் தரை மடிந்து மலையாக எழுந்தது. மலை எழ எழ, ஆறு கீழே வெட்டிக்கொண்டே போனது. மழை குறைவு என்பதால் சுவர்கள் கரைந்து சரிந்து அகலவில்லை. அதனால் ஆழமும் குறுகலுமான பள்ளத்தாக்கு. ஊதா, பச்சை, செம்மண் நிறங்களில் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பாறை அடுக்குகளுக்கு நடுவில் குதிரை போகும்போது, ஒரு புத்தகத்தின் தாள்களுக்கிடையே எறும்பு போவதுபோல் இருக்கும்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய கடலின் தரைதான். அவை ஏறக்குறைய 25 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தவை. லடாக் மலையெழுச்சியைவிடப் பல மடங்கு மூத்தவை. ஆனால் இங்கே தண்ணீர் வேறு வேலை செய்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெட்டுவதற்குப் பதில் கரைப்பதால் குகை. கோப்பெங் அருகே குவா தெம்புரோங்கில் மலையின் ஒரு பக்கம் நுழைந்த ஆறு மறுபக்கம் வெளியே வருவதை நீங்கள் நடந்தே பார்க்கலாம். தம்பூன் பாறைச் சுவரில் பழங்கால மனிதர்கள் தீட்டிய ஓவியங்கள் 1959-இல் கண்டறியப்பட்டன.

நாங்கள் லட்சக்கணக்கில் இல்லாவிட்டாலும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழித்துப் போய் வியந்த கல்லுக்குச் சற்றும் குறையாத கல், பள்ளி பேருந்தின் சன்னல் வழியே நாம் தினமும் பார்ப்பது. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சிம்பாங் பூலாய் பக்கம் போனால் பாதி அறுத்த குன்றுகளையும் பார்க்கலாம். பளிங்குக்கும் சிமெண்டுக்கும் கல் தேவைதான். வீடு கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தக் குன்றை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்யும் மேசையில், அந்தக் கல்லைப் படித்தவர்கள் இருக்க வேண்டும். 'கல்லைப் படித்து என்ன வேலை' என்ற அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் இந்தப் பதில் இருக்கிறது.

மாளிகைத் தோட்டத்து மரம்

மறுபடியும் 1879-க்கு வருவோம். பெர்ட் தங்கிய கோலக்கங்சார் மாளிகையின் தோட்டத்தில், அவர் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1877-இல், ஹியூ லோ சில கன்றுகளை நட்டிருந்தார். பிரேசிலிலிருந்து விதையாக இங்கிலாந்து போய், அங்கே முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்த கித்தா மரக் கன்றுகள். அன்று அவை தோட்டத்து மரங்கள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழிந்தபின் அந்த மரத்துக்குச் சந்தை பிறந்தது. அதன் பின்னால் கங்காணிகள் நம் ஊர்களுக்குப் போனார்கள்; கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்தார்கள். என் கொள்ளுத் தாத்தாவும் அப்படித்தான் வந்தார். அந்த முதல் மரங்களில் ஒன்று இன்றும் கோலக்கங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மரத்துக்குப் பெயர்ப் பலகை உண்டு. அதை நம்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்டு?

பெர்ட் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1890-இல் பாக்தாத்திலிருந்து தெஹ்ரானுக்குக் கடும் குளிர்காலத்தில் போனார். 1892-இல் அரச புவியியல் கழகத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் ஒருவரானார். 1901-இல், 69 வயதில், மொரோக்கோவின் அட்லஸ் மலைப் பகுதியில் சவாரி செய்தார். 1904-இல் எடின்பரோவில் காலமானார். இத்தனை பயணங்களுக்கும் நடுவில் அவர் விடாமல் செய்த ஒரு காரியம், ஒவ்வொரு நாளும் பார்த்ததை அன்றைக்கே எழுதியது. கூடாரத்தில், குளிரில், களைப்பில் எழுதினார். அந்தக் கடிதங்கள் இருப்பதால்தான் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு எழுத நேரமில்லை. பலருக்கு எழுத்தும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. கையில் தொலைபேசியும் இருக்கிறது. லடாக்கிலிருந்து திரும்பியதும் நான் பாட்டியிடம் பதினோரு மாலை பேசிப் பதிவு செய்தேன். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினார், தண்டல் யார், பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்டேன். ஏழாம் நாள், நான் கேட்காமலேயே, கொள்ளுத் தாத்தாவின் முழுப்பெயரைச் சொன்னார். துரை வீட்டுக் குதிரையின் பெயரையும் சொன்னார். இரண்டும் இப்போது என் குறிப்பேட்டில், லடாக் குதிரைக்காரரின் பெயருக்கு அடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

மாணவர்களே, பள்ளி விடுமுறை வருகிறது. லடாக் போக வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. கோலக்கங்சாருக்குப் பேருந்து இருக்கிறது. அந்த மரத்தைப் போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். முதல் கேள்வி பெயராக இருக்கட்டும். பதிலை அன்றைக்கே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.